பன்னிரண்டாவது ஆட்டக்காரன்

ஊரிலே ஒரு சங்கம் அமைக்கக் கூடுகிறோம். தலைவர் யார் என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காரியதரிசியும் தனாதிகாரியும் கால்மணி நேரத்தில் தெரிவாகிவிடுவர். நிர்வாக சபையின் கடைசி உறுப்பினர் யார் என்ற இடத்துக்கு வந்ததும் விளக்கு வைக்கும் நேரம் வரை விவாதம் நீளும். பெரிய பதவிக்கு உரியவர் யாரென்பது பெரும்பாலும் எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருக்கும். சிறிய பதவிக்கோ உரிமை கோரத்தக்கவர் பலர். அந்தப் பதவி எதற்காக ஏற்பட்டது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர்.

இந்த உண்மையை வேண்டிய அளவு காணலாம், பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில். பதினொருவரைத் தெரிவது எளிது. பன்னிரண்டாமவனைத் தெரிவதுதான் கடினம்.

மாசி, பங்குனி மாதங்கள் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளுக்குக் கிரிக்கெட் காலம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கி ஆடிவரும் பெரும் போட்டியைப் பார்க்க ஊரே திரண்டுவிடும். தெல்லிப்பழைப் பக்கம் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போனதெனினும், கிரிக்கெட் ஆசை எங்கள் பிள்ளைகளையும் விட்டபாடில்லை. நான் படிப்பிக்கும் கல்லூரிக்கும் வருடந்தோறும் ஓர் இரண்டு நாட் போட்டி உண்டு. பதினைந்து பேர் பயிற்சி பெறுவர். அவர்களுள் பதினொருவர் ஆடுவர். ஒருவன் பன்னிரண்டாமவனாக வெளியே காத்திருப்பான். அந்தப் பன்னிருவருக்கே படத்தில் இடமும் நினைவு மலரில் பெயரும் என்பது நெடுநாளைய சம்பிரதாயம். ஆகவே பன்னிரண்டாவது இடம் என்பது வெறும் இடமன்று. படலைக்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்ற கேள்வி.

தெரிவுக் குழுவில் உடற்கல்வி ஆசிரியர், பொறுப்பாசிரியர், பழைய ஆட்டக்காரரான கணித ஆசிரியர், அணித்தலைவன், அடியேன் ஆகிய ஐவர் இருந்தோம். பதினொருவரை அரைமணி நேரத்தில் எழுதிவிட்டோம். எஞ்சிய ஒருவனுக்காக இரண்டு மாலைப் பொழுதுகள் செலவாயின.

பேசப்பட்டவர் இருவர். முதலாமவன் உயர்தர வகுப்பில் கடைசி வருடத்து மாணவன். தரம் எட்டிலே பயிற்சிக்கு வந்தவன். ஆறு வருடங்களில் அவன் வராத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆடுகளத்துப் பாயை விரிப்பதும் அவன். மாலையில் சுருட்டித் தோளில் சுமப்பதும் அவன். துடுப்பைப் பிடித்தால் நிதானமாக நின்று ஆடுவான். ஆனால் கால்கள் மந்தம். உயர எழும்பும் பந்துக்குக் கீழே நிற்கும்போது அவன் முகம் வெளிறுவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். இரண்டாமவன் தரம் பத்து மாணவன். துடுப்பாட்டத்தில் இரண்டு ஓவருக்கு மேல் நிலையான். எல்லைக்கோட்டருகே நிறுத்திவிட்டால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுவான். பந்து துடுப்பில் பட்ட ஓசையிலேயே அது விழும் இடத்தை அறிந்தவன்போல ஓடத் தொடங்குவான். மூன்றாவதாக ஒருவனையும் ஒருவர் பிரேரித்தார். அவனுடைய மாமனார் ஒருவர் பழைய மாணவர் சங்கத்தில் முக்கியஸ்தர் என்பதைத் தவிர வேறு காரணம் எவருக்கும் தோன்றாமையால் அந்தப் பிரேரணை தேநீரோடு முடிவடைந்தது.

கணித ஆசிரியர் மூத்தவனுக்காக வாதாடினார். “பதினொருவருக்கு அடுத்த சிறந்த துடுப்பாட்டக்காரன் அவனே. அதோடு இது அவனுடைய கடைசி வருடம். சின்னவனுக்கு இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது” என்றார். இந்த வாதம் நெஞ்சைத் தொட்டது. உடற்கல்வி ஆசிரியர் ஒன்றும் பேசாமல், தம் கையிலிருந்த விதிப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

அந்தப் புத்தகம் சொல்வது இதுதான். ஆட்டத்தின் நடுவே ஒருவன் காயமுற்றோ நோயுற்றோ வெளியேறினால், மத்தியஸ்தரின் சம்மதத்தோடு அவனுக்குப் பதிலாக இன்னொருவன் களத்தடுப்புக்கு வரலாம். வருபவன் துடுப்பெடுத்தாட முடியாது, பந்து வீச முடியாது, அணித்தலைவனாகவும் முடியாது. விக்கெட் காப்பாளனாக நிற்பதற்குக் கூட 2017ஆம் ஆண்டின் புதிய விதிகளின் பின்னரே, அதுவும் மத்தியஸ்தர் சம்மதித்தால், இடமுண்டு. பன்னாட்டுப் போட்டிகளில் தலையில் அடிபட்டு மயக்கமுற்றவனுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டு லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக வந்த மார்னஸ் லபுஷேன் துடுப்பெடுத்தாடி 59 ஓட்டங்கள் பெற்றார். டெஸ்ட் வரலாற்றில் அவ்வகையில் அவரே முதல்வர். அந்த விதிவிலக்கை ஒதுக்கிவிட்டால், பன்னிரண்டாமவனுக்கு உள்ள தொழில் ஒன்றே ஒன்று: ஓடுவது, தடுப்பது, பிடிப்பது. அப்படியிருக்க, பன்னிரண்டாவது சிறந்த துடுப்பாட்டக்காரனைத் தேடிப் பிடித்து அவ்விடத்தில் நிறுத்துவது, நன்றாகப் பாடுகிறவனைப் பார்த்து மிருதங்கம் வாசிக்க இருத்துவது போலாகாதா?

ஆனால் கணித ஆசிரியரின் பேச்சை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. போட்டிக்கு முதல் நாள் இரவு ஒரு துடுப்பாட்டக்காரனுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. நாணயம் சுண்டுவதற்கு முன்னர் அவனுக்குப் பதிலாக வேறொருவனைப் பதினொருவரில் சேர்த்தாக வேண்டும். அப்போது வேண்டியவன் நின்று ஆடத்தக்கவன். ஆக, நாங்கள் ஒரே பெயரால் இரண்டு வேலைகளை அழைத்துக்கொண்டிருந்தோம். நாணயம் சுண்டுமுன் வேண்டப்படுகிற ஆள் ஒருவன். சுண்டிய பின் வேண்டப்படுகிற ஆள் வேறொருவன். அரைவாசிச் சர்ச்சை இந்தப் பெயர்க் குழப்பத்தால் வந்தது.

பன்னிரண்டாமவன் என்றால் தண்ணீர்ப் போத்தல் சுமப்பவன் என்று எண்ணுவோருக்கு ஒரு மைதானத்தின் கதையைச் சொல்லலாம். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரிலுள்ள ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானம் அது. 1930ஆம் ஆண்டு அங்கே அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்துக்கு ஒரு மாற்றுக் களத்தடுப்பாளர் தேவைப்பட்டார். மைதானத்துப் பணியாட்களில் ஒருவரான சிட் கோப்லி என்ற இளைஞரை அனுப்பினார்கள். பிராட்மனுடன் நிலைத்து ஆடிக்கொண்டிருந்த மக்கேப் அடித்த பந்தை அவர் ஓடி விழுந்து பிடித்தார். ஆட்டத்தின் போக்கே திரும்பியது. இங்கிலாந்து 93 ஓட்டங்களால் வென்றது. கோப்லி தம் வாழ்நாளில் ஆடிய முதல்தரப் போட்டி ஒன்றே ஒன்றுதான். எழுபத்தைந்து வருடங்களின் பின், 2005ஆம் ஆண்டு, அதே மைதானத்தில், அதே இரு நாடுகளுக்கிடையே, கரி பிராட் என்ற இன்னொரு மாற்றுக் களத்தடுப்பாளர் நேராக எறிந்த பந்து ஸ்டம்பைத் தகர்த்தது. அவுஸ்திரேலிய அணித்தலைவர் ரிக்கி பொன்டிங் 48 ஓட்டங்களுடன் கோபம் பொங்க வெளியேறினார். பிராட் ஒரு டெஸ்டிலும் ஆடியவர் அல்லர். இவ்விருவரையும் துடுப்பாட்டத் திறமைக்காகவோ மூப்புக்காகவோ யாரும் களத்துக்கு அனுப்பவில்லை.

மாற்று ஆட்டக்காரன் பிடித்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்லவும் மாட்டேன். 1983ஆம் ஆண்டு அகமதாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவின் மாற்றுக் களத்தடுப்பாளராக வந்த குர்ஷரன் சிங் நான்கு பிடிகள் எடுத்தார். இந்தியா தோற்றது. அவருக்குச் சொந்தமாக ஒரு டெஸ்ட் ஆடும் பேறு 1990ஆம் ஆண்டுதான் கிட்டியது, அதுவே கடைசியுமாயிற்று. வேலையைச் செம்மையாகச் செய்வது ஒன்று. அதற்குப் பலன் கிடைப்பது வேறொன்று.

இந்தச் சர்ச்சை நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்கர்களுடைய பேஸ்போல் ஆட்டத்தில் இது வருடந்தோறும் பெரும் வாதமாகக் கிளம்புகிறது. நம் ஊருக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர் பாதிரியார் தெல்லிப்பழைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியது 1816ஆம் ஆண்டில். இன்றைய யூனியன் கல்லூரியின் மூலம் அதுவே. அவர்கள் புத்தகத்தையும் அச்சையும் மருத்துவத்தையும் யாழ்ப்பாணத்துக்குத் தந்தார்கள், பேஸ்போலைத் தரவில்லை. தந்திருக்கவும் முடியாது. நியூயோர்க் நகரத்துக் கழகமொன்று அந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதிவைத்ததே 1845ஆம் ஆண்டில்தான்.

பேஸ்போலில் ஒன்பதின்மர் ஆடுவர். அவர்களுள் மூவர் வெளிக்களத்தில் இடம், நடு, வலம் என நிற்பர். அந்த மூவருக்கும் பொதுவாக நான்காமவன் ஒருவன் வெளியே காத்திருப்பான். கிரிக்கெட்டைப் போலன்றி அங்கே மாற்றாக வருபவன் அடித்து ஆடவும் செய்யலாம். ஆனால் வெளியேறியவன் திரும்ப வர முடியாது. ஆகவே நான்காமவனிடம் கை வேண்டுமா, கால் வேண்டுமா, அடி வேண்டுமா என்று வாதிடுவார்கள். மூன்று இடங்களுள் நடுக்களமே அகன்றது. அங்கு நிற்கக்கூடியவன் மற்ற இரண்டிலும் நிற்பான் என்பது அனுபவசாலிகளின் கணக்கு.

அதே பொஸ்ரன் நகரத்து அணி 2004ஆம் ஆண்டு ஜூலை மாத முடிவில் டேவ் ரொபேட்ஸ் என்பவரை மேலதிக வெளிக்கள ஆட்டக்காரராக வாங்கியது. அவரிடம் பெரிய அடி இல்லை, கால் இருந்தது. ஒக்டோபரில் நியூயோர்க் அணியுடனான தொடரில் பொஸ்ரன் மூன்று ஆட்டங்களைத் தோற்றுவிட்டது. நான்காவதிலும் தோற்றால் எல்லாம் முடிந்தது. கடைசிப் பகுதியில் ஓர் ஓட்டம் குறைவாக நின்றபோது, முதற்தளத்தில் நின்ற ஆட்டக்காரனுக்குப் பதிலாக ஓடுவதற்கென்று ரொபேட்ஸை இறக்கினார்கள். அவர் ஓடுவார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும். அவர் ஓடினார், இரண்டாம் தளத்தை மயிரிழையில் பிடித்தார், பின்னர் ஓட்டமும் பெற்றுக் கணக்கைச் சமப்படுத்தினார். பொஸ்ரன் அந்த ஆட்டத்தை வென்றது, தொடரை வென்றது, 1918ஆம் ஆண்டின் பின் முதன்முறையாக உலகத் தொடர் என்ற பெரும் பட்டத்தையும் வென்றது. அந்த உலகத் தொடரில் ரொபேட்ஸ் ஒரு கணமேனும் களத்தில் இறங்கவில்லை. ஆயினும் பொஸ்ரன் மக்கள் அவர் பெயரை மறந்தாரல்லர்.

இரண்டாம் நாள் மாலை எங்கள் குழு முடிவுக்கு வந்தது. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ என இன்னோர் அதிகாரமும் வகுத்ததன் அருமை அன்று எனக்கு விளங்கிற்று. ஒருவன் நம்பத்தக்கவனா என்று அறிவது முன்னது. எந்த வேலைக்குத் தக்கவன் என்று அறிந்து அதனை அவனிடம் விடுவது பின்னது. மூத்தவன் முதலாவது சோதனையில் முழுப் புள்ளி பெற்றவன். நாங்கள் தீர்க்க இருந்ததோ இரண்டாவது. சின்னவன் பன்னிரண்டாமவன் என்றும், ஆட்டம் தொடங்குமுன் யாரேனும் விலக நேர்ந்தால் மூத்தவன் பதினொருவரில் சேர்வான் என்றும் எழுதிக் கையொப்பமிட்டோம்.

பட்டியல் அறிவித்தல் பலகையில் ஏறிய அன்று மாலையே மூத்தவனுடைய தகப்பனார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். வெங்காயச் செய்கை செய்பவர். தோட்டத்துச் செம்மண் காலில் காயவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“சேர், என்ரை பெடியன் ஆறு வருசம் வெயிலிலை நிண்டவன். ஒரு படத்திலை எண்டாலும் நிக்கக் குடுத்துவைக்கேல்லையோ?” என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாயிருந்திருக்கும். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் விதிப் புத்தகத்தை எடுக்கவில்லை. “துலா மிதிச்சிருக்கிறியளோ?” என்று கேட்டேன்.

“ஏன் மிதிக்கேல்லை? தொண்ணூறுகளிலை மண்ணெண்ணெய் இல்லாத நேரம், இடம்பெயர்ந்து இருந்த இடத்திலை, நானும் மிதிச்சனான்.”

“துலா மிதிக்கிறவர் ஒருநாள் வராட்டி ஆரை ஏத்துவியள்? வயதிலை மூத்தவரையோ?”

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். இக்காலத்துப் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லவேண்டும். கிணற்றில் துலாவால் இறைக்கும்போது ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் பட்டை பிடிப்பார். ஒருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டுவார். துலாவின்மேல் கால் தவறினால் உயிருக்கே ஆபத்து. மரியாதைக்காக எவரையும் அதன்மேல் ஏற்றுவதில்லை.

“நடக்கத் தெரிஞ்சவனைத்தான் ஏத்துவம்” என்றார் கடைசியில். பிறகு, சைக்கிளைத் திருப்பியபடி, “ஆனால் சேர், துலாவிலை ஏறினவனுக்கு மட்டுமே நாங்கள் கஞ்சி வாக்கிறது? தண்ணி கட்டினவனும் அதே பிளாவிலைதான் குடிச்சவன்” என்றார்.

அவர் போன பின்னும் அந்த வார்த்தை வீட்டு விறாந்தையிலேயே நின்றது. வேலையைத் தக்கவனிடம் கொடுக்க வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். மரியாதையையும் அதே தராசில் நிறுக்கவேண்டுமா என்பதே அவருடைய கேள்வி. பன்னிருவருக்கே படம் என்ற சம்பிரதாயத்தை யார் தொடங்கினார், எதற்காகத் தொடங்கினார் என்று மறுநாள் ஆசிரியர் அறையில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. படம் எடுப்பவரின் வாங்கில் அந்தக் காலத்தில் அவ்வளவு பேர்தான் கொள்ளுவர் என்று ஒருவர் ஊகித்தார். கணித ஆசிரியரே எழுந்து, பதினைந்து பேரும் படத்தில் நிற்கவேண்டும், நினைவு மலரில் பதினைந்து பெயரும் வரவேண்டும் என்று பிரேரித்தார். இரண்டு மாலைகள் முடியாத வாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

போட்டி நடந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் எங்கள் ஆட்டக்காரன் ஒருவனுக்குக் காலில் தசைப்பிடிப்பு வந்தது. சின்னவன் களத்துக்குப் போனான். போகுமுன் மூத்தவன் அவனை மறித்து, மேற்குப் பக்கத்துப் பனைகளுக்கு மேலே வெயில் நிற்கும் இடத்தைக் கையால் காட்டி ஏதோ சொன்னான். ஏறக்குறைய நாற்பது நிமிடம் சின்னவன் எல்லைக்கோட்டருகே நின்றான். ஒரு பிடியும் அவனிடம் வரவில்லை. தரையோடு வந்த இரண்டு பந்துகளை ஓடித் தடுத்து ஒழுங்காக எறிந்தான். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

“இதற்காகவா இரண்டு மாலை?” என்று ஒரு நண்பர் சிரித்தார். மழை பெய்யாத நாளிலும் குடை கொண்டு போனவன் மடையன் ஆகமாட்டான் என்றேன். அந்த நாற்பது நிமிடமும் எங்கள் அணித்தலைவன் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லாதபடி ஓரிடம் காக்கப்படுவதும் ஒரு சேவையல்லவா?

இதை வாசிக்கும் மாணவர்களுள் ஏதோ ஒரு பட்டியலில் பன்னிரண்டாவதாகவோ பதின்மூன்றாவதாகவோ நிற்பவர் பலர் இருப்பீர்கள். டொனால்ட் பிராட்மன் 1928ஆம் ஆண்டு தம் முதல் டெஸ்டுக்குப் பின் அணியிலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாமவராக நின்றார். இங்கிலாந்து 636 ஓட்டங்கள் குவித்தபோது, காயமுற்ற ஒருவருக்குப் பதிலாகக் களத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த டெஸ்டில் 79 ஓட்டங்களும் 112 ஓட்டங்களும் பெற்றார். நம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024ஆம் ஆண்டு இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காக ஆடியதும், காயமுற்ற வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு மாற்றாகத் தெரிவானதால்தான். அழைப்பு வந்தபோது இருவரும் ஆயத்தமாக இருந்தார்கள். எல்லாருக்கும் அழைப்பு வரும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அப்படி வாக்களிப்பது ஆசிரியனுக்கு அழகன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தெரிவாகாத நாளில், “ஏன் அவனை விட்டார்கள்?” என்று கேட்குமுன், “அந்த இடத்தில் என்ன வேலை?” என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். தெரிவு செய்கிற நாங்களும் வேலையைப் பார்த்து ஆளைத் தெரிந்துவிட்டு, கஞ்சி வார்க்கும்போது எல்லாரையும் கூப்பிடக் கற்றுக்கொள்ளுவோம்.

எங்கள் கல்லூரி மண்டபச் சுவரில் இவ்வருடத்துப் படம் மாட்டப்பட்டிருக்கிறது. பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்பவனின் தோளில் சின்னவனின் கை கிடக்கிறது. யார் பன்னிரண்டாமவன் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.